காட்டேரியின் பசி

உட்கார் தம்பி, டீ சொல்லியாயிற்று. உன் கதையை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்கிறேன், தவறினால் திருத்து. பெரம்பலூரில் படித்துவிட்டுச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வரும்போது கண்ணயர்கிறான். விழித்துப் பார்த்தால் பஸ்ஸும் இல்லை, திருமாந்துறை டோல்கேட்டும் இல்லை. வேறொரு உலகம். அங்கே ரத்தம் குடிப்பவர்கள் ஆள்கிறார்கள். அவர்களிடம் சிக்கித் தவிக்கும் மனிதர்கள், ‘எங்களைக் காக்க வந்தவன் நீதான்’ என்று இவன் காலில் விழுகிறார்கள். இவனோ வாளும் வேண்டாம் வரமும் வேண்டாம், வீட்டுக்கு வழி காட்டினால் போதும் என்கிறான். நல்ல கதை. மனசாரச் சொல்கிறேன், எழுதவேண்டிய கதை.

ஆனால் அவன் விழித்தெழும் இடத்தில் பனிக்காடும் கற்கோட்டையும் வைத்திருக்கிறாய். ரத்தம் குடிப்பவன் கறுப்பு அங்கி அணிந்த பிரபுவாக வருகிறான். தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தப் பிரபு எங்கிருந்து வந்தான், நம் பக்கத்தில் அவன் இடத்தில் நிற்பது யார் என்று தெரிந்துகொண்டு எழுதினால் கதை இன்னும் ஆழமாகப் போகும். அதைத்தான் நிதானமாகப் பேசலாம் என்று கூப்பிட்டேன்.

அந்தப் பிரபுவுக்கு வயது அதிகமில்லை. 1819-இல் வெளியான, ஜான் பொலிடோரி என்ற இளம் மருத்துவர் எழுதிய கதையில்தான் ரத்தம் உறிஞ்சுகிறவன் லண்டன் விருந்துகளில் நடமாடும் கனவானாக ஆங்கில உரைநடைக்குள் வந்தான். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’ எழுதி அவனைத் திரான்சில்வேனியக் கோட்டையில் குடிவைத்தார். அதற்கு முன்னால் செர்பியக் கிராமங்களில் இருந்தவன் வேறு ஆள். 1725-இலும், 1731-32 குளிர்காலத்திலும் அங்கே அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. முன்பு செத்துப்போன உள்ளூர்க்காரன்தான் குழியிலிருந்து எழுந்துவந்து ரத்தம் குடிக்கிறான் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆஸ்திரிய அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் குழிகளைத் தோண்டிப் பார்த்து, உடல் அழுகவில்லை, வாயில் ரத்தம் இருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். குளிர்ந்த மண்ணில் உடல் மெதுவாகத்தான் அழுகும். வயிற்றில் சேரும் வாயு உள்ளிருக்கும் சிவந்த நீரை வாய்வழியாகத் தள்ளும். இதெல்லாம் பிற்பாடு புரிந்தது. மரியா தெரசா அரசி 1755-இல் தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆலோசனையைக் கேட்டு, இப்படிப் பிணம் தோண்டுவதற்குத் தடை போட்டார். ஆக, ஐரோப்பாவிலும் முதலில் இருந்தது கொள்ளை நோயில் நடுங்கிய ஏழைக் கிராமமும் அதன் செத்த சொந்தக்காரனும்தான். பட்டு மெத்தையும் வெள்ளிக் கோப்பையும் கதாசிரியர்கள் கொடுத்தது.

வேறு உலகத்தில் போய் விழுகிற ஆளும் அப்படித்தான். இன்று அவனை ஜப்பான்காரர்களின் இசெகாய் கதைகளில் நிறையப் பார்க்கிறாய்: லாரியில் அடிபட்டுச் சாகிறான், மந்திர ராஜ்யத்தில் கண் விழிக்கிறான், கண் விழித்ததும் சக்திகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் மார்க் ட்வைன் 1889-லேயே தன் காலத்து இயந்திரத் தொழிலாளி ஒருவனை ஆர்தர் ராஜாவின் காலத்துக்கு அனுப்பிவிட்டார். எட்கர் ரைஸ் பரோஸ் 1912-இல் ஒரு போர்வீரனைச் செவ்வாய்க் கிரகத்தில் இறக்கினார். இந்த வரிசை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது நம் வரிசைக்கு வருவோம். ‘டிராகுலா’ லண்டனில் வெளியான மறு வருஷம், 1898-இல், உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார். அந்த உ.வே.சா. சின்ன வயதில் தமிழ் படித்தது எங்கே தெரியுமா? இந்தச் சுற்றுவட்டாரத்தில். அரியலூரில் சடகோபையங்காரிடம் படித்தார். குன்னத்தில் குடும்பத்தோடு இருந்தார். பெரம்பலூர்ப் பக்கம் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டார். திருவாவடுதுறைக்கும் பிற்காலத்து ஆசிரியரான மகாவித்துவானுக்கும் முன்னால் அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் இந்த ஊர்கள்தான். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டு. தெரிந்திருந்தால் மணிமேகலையை வேற்றூர்ச் சரக்காக நினைக்க மாட்டார்கள்.

மணிமேகலையை உன் கண்ணால் பார். பூம்புகாரின் உவவனத்தில் பூப்பறிக்கப் போகிறாள் ஒரு பெண். அரச குமாரன் துரத்துகிறான். அன்று இரவு மணிமேகலா தெய்வம் அவளை மயக்கித் தூக்கிக்கொண்டு போய், முப்பது யோசனை தூரத்தில் கடலுக்கு நடுவே மணிபல்லவத் தீவில் கிடத்திவிட்டு மறைகிறது. விடியும்போது கண் விழிக்கிறாள். மணலும் கடலும் தவிர ஒன்றும் தெரிந்ததாக இல்லை. தோழியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைகிறாள். பிறகு புத்த பீடிகையைக் காண்கிறாள், முற்பிறப்பு நினைவுக்கு வருகிறது. தெய்வம் மறுபடி வந்து மூன்று மந்திரங்கள் சொல்லிக் கொடுக்கிறது: வேற்றுருவம் எடுக்க ஒன்று, வானத்தில் பறக்க ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று சொல்பவர்கள் பலர்.

நீ படிக்கும் ஜப்பான் கதையின் சட்டகம் முழுக்க இதில் இருக்கிறது. ஆனால் மூன்றாவது மந்திரத்தைக் கவனி. பறப்பதும் உருமாறுவதும் எந்த நாட்டுக் கதையிலும் வரும். பசிக்கென்று தனியாக ஒரு மந்திரம் கொடுக்க இந்தக் காவியத்துக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பசி நூல் முழுக்கக் கூடவே வருகிறது. அதே தீவில் முன்பொரு முறை ஆபுத்திரன் என்பவன் கப்பலைத் தவறவிட்டுத் தனியாக மாட்டிக்கொண்டான். அவன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. அதிலிருந்து வாங்கி உண்ணத் தீவில் ஒரு வாய்கூட இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விட்டான். அதுதான் பிறகு மணிமேகலை கைக்கு வருகிறது. எத்தனையோ மந்திர ஆயுதங்கள் பற்றிப் படித்திருப்பாய்; வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் வீணாய்ப்போன ஆயுதத்தைப் பற்றிப் படித்திருக்கிறாயா?

உன் கதாநாயகனுக்கு நேர் அண்ணன் ஒருவன் இதே நூலில் இருக்கிறான். சாதுவன். ஆதிரை என்ற நல்ல மனைவி வீட்டில் இருக்க, கணிகை வீட்டில் வட்டும் சூதும் ஆடிச் சொத்தைத் தொலைத்தவன். பணம் தீர்ந்ததும் அவள் விரட்டிவிட, சம்பாதித்து மீள்வோம் என்று வணிகர்களோடு கப்பல் ஏறினான். நடுக்கடலில் கப்பல் உடைந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்து, ஆடையில்லாத நாகர்கள் வாழும் மலைப்பக்கம் கரை ஒதுங்கினான். அவர்கள் மனிதரைத் தின்பவர்கள். இவனுக்கு வாளும் இல்லை, வரமும் இல்லை. களைப்பில் ஒரு மரத்தடியில் தூங்கிப்போகிறான். ஒரு வீரன் இப்படியா அறிமுகமாவான்?

நாகர்கள் வந்து பார்க்கிறார்கள். தனியாக வந்திருக்கிறான், நல்ல உணவு என்று சந்தோஷப்பட்டுத் தட்டி எழுப்புகிறார்கள். விழித்தவன் அவர்கள் பாஷையிலேயே பேசுகிறான். அங்கே நின்றுவிடுகிறது எல்லாம். தின்ன வந்தவர்கள் விலகி நின்று, எங்கள் தலைவரிடம் வா என்கிறார்கள். தலைவன் இருக்கும் இடத்தை மணிமேகலை பாடிய சாத்தனார் விவரிப்பதைப் படி: கள் காய்ச்சும் பானை, புலால் நாற்றம், வெயிலில் காயும் வெள்ளெலும்பு, நடுவில் பெண்கரடியோடு இருக்கும் ஆண்கரடிபோலத் தன் துணையோடு உட்கார்ந்திருக்கும் தலைவன். நீ எழுத ஆசைப்படும் ரத்த ராஜாவின் சபை இதுதான்.

தலைவன் வந்த காரணம் கேட்கிறான். கடலில் பட்ட பாட்டை இவன் சொல்கிறான். தலைவனுக்கு இரக்கம் வருகிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது: மனிதரைத் தின்கிறவன், பட்டினி கிடந்த மனிதனைப் பார்த்து இரங்குகிறான். இவனுக்கு ஓர் இளம்பெண்ணைக் கொடுங்கள், கள் கொடுங்கள், வேண்டுமட்டும் ஊன் கொடுங்கள் என்கிறான். சாதுவன் எதுவும் வேண்டாம் என்கிறான். தலைவனுக்குக் கோபம். பெண்ணும் உணவும் இல்லாமல் உலகத்தில் வேறென்ன பயன் இருக்கிறது, இருந்தால் காட்டு என்கிறான். சாதுவன் வினையும் மறுபிறப்பும் பற்றிச் சொல்கிறான். உடம்பை விட்டுப் போன உயிர் இன்னொரு இடத்தில் எப்படிப் புகும் என்று தலைவன் சிரித்துக்கொண்டே கேட்கிறான். உயிர் இருக்கும்போது நோவு தெரிகிற உடம்புக்கு அது போனபின் வெட்டினாலும் தெரிவதில்லையே, அப்படியானால் போனது ஒன்று உண்டல்லவா என்று பதில் வருகிறது.

இதற்கப்புறம் வருவதை உன் நோட்டில் குறித்துக்கொள். தலைவன் காலில் விழுந்து ஒன்று சொல்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் தரிக்க முடியாது, எங்களுக்கு ஏற்ற அறம் ஏதாவது இருந்தால் அதைச் சொல். சாதுவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. இனிக் கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள்; மூப்படைந்து தாமாகச் சாகும் விலங்குகளைத் தவிர வேறு உயிரைக் கொல்லாதீர்கள். அவ்வளவுதான். தலைவன் அதை ஏற்றுக்கொண்டு, முன்பு கரை ஒதுங்கியவர்களிடமிருந்து எடுத்த அகிலும் சந்தனமும் துணிகளும் செல்வமும் கொடுத்து அனுப்புகிறான். சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் சாதுவன் ஊர் வந்து சேர்கிறான். ஊரிலோ அவன் செத்தான் என்று நம்பித் தீயில் இறங்கிய ஆதிரையை நெருப்பு சுடாமல் விட்டிருக்கிறது.

தயங்கும் கதாநாயகன் என்றால் பொதுவாக என்ன நடக்கும்? மூன்று அத்தியாயம் மறுப்பான், நாலாவதில் வாளைத் தூக்குவான். அந்தத் தயக்கம் வெறும் தாமதம். சாதுவனின் மறுப்பு அப்படிப்பட்டதல்ல. அவன் வேண்டாம் என்று சொன்னதிலிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. கொடுத்ததை வாங்கித் தின்றிருந்தால் தலைவனுக்குக் கேள்வி எழுந்திருக்காது. உன் பையன் எதை மறுக்கிறான் என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை என்று தோன்றுகிறது. வீட்டுக்குப் போகணும் என்பது ஆசை. மறுப்பதற்கு எதிரில் யாராவது ஏதாவது நீட்டவேண்டும்.

டீ ஆறுகிறது, குடி.

இனி ரத்தம் குடிப்பவர்கள். அவர்களுக்கு இங்கிருந்து கிழக்கே, ஜெயங்கொண்டத்தைத் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம் போகவேண்டும். முதலாம் ராஜேந்திரன் கட்டி, ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு சோழர் தலைநகராக இருந்த ஊர். அங்கிருந்து ஆண்டவர்களில் ஒருவன் முதலாம் குலோத்துங்கன். 1110-ஐ ஒட்டி அவனுடைய படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படையெடுத்து ஜெயித்தான். அந்த வெற்றியை ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியாகப் பாடினார். ராஜாவின் வெற்றியைப் பாடும் நூலில் மனதை விட்டு அகலாமல் நிற்பவை பேய்கள்.

அந்தப் பேய்களின் உடம்பைப் பார். வாய் குகையோடு போட்டி போடும். உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு மேலே மூன்று முழம் போய் நிற்கும். எலும்புகளை நரம்பால் இழுத்துக் கட்டிய விறகுக்கட்டு மாதிரி உடல். மூக்குத் துளையில் பாசி பிடித்திருக்கிறது. காதுக்குள் ஆந்தை பதுங்கியிருக்க, வௌவால் உள்ளே புகுந்து உலாவுகிறது. வெளுத்த முகமும் சிவந்த உதடுமாக வரும் உன் பிரபுவின் பக்கத்தில் இதை வைத்துப் பார். அவன் அழகன். இவை பட்டினி கிடந்து கிடந்து இப்படி ஆனவை. பஞ்ச காலத்தில் மனித உடம்பு என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர் ஒருவர் எழுதியதுபோல எனக்குப் படுகிறது.

அந்தப் பேய்கள் காளியிடம் போய் முறையிடுகின்றன. பசி தாங்க முடியவில்லை, எங்களைக் காப்பாற்று என்று. அதற்கு முன்னால் ஒரு காட்சி உண்டு, நான் படித்த பேய்க்கதைகளில் இதற்கு ஈடு கண்டதில்லை. இமயத்துக்குப் போய் மாய வித்தை கற்ற முதுபேய் ஒன்று திரும்பிவந்து காளி முன்னால் இந்திரஜாலம் காட்டுகிறது. போர்க்களம் தெரிகிறது, அறுபட்ட யானைத் துதிக்கை தெரிகிறது, ரத்த வெள்ளம் தெரிகிறது. காளியைச் சுற்றி நின்ற பேய்கள் நிஜம் என்று நம்பிப் பாய்கின்றன. வெறுங்கையால் அள்ளி அள்ளி வெறும் வாயில் ஊற்றிக்கொள்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரள்கின்றன. அங்கே ஒன்றும் இல்லை. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும்வரை போகிறது அந்த வித்தை. இதை ஒரு அத்தியாயமாக உன் நாவலில் கற்பனை செய்து பார்: ரத்தம் குடிப்பவர்கள் காற்றை அள்ளிக் குடிக்கிறார்கள், மூலையில் நின்று பார்க்கும் உன் பையனுக்கு முதல்முறையாக அவர்கள்மேல் பயம் போய் வேறென்னவோ வருகிறது.

பிறகு போர் நடக்கிறது, களம் நிறைகிறது. காளி பேய்களைக் கூப்பிட்டுக் கூழ் அடச் சொல்கிறாள். அங்கே சமையல் தொடங்குகிறது. யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. குளிக்கின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி; முரசுதான் உரல், யானைத் தந்தம் உலக்கை. கூழ் வெந்ததும் பந்தி நடக்கிறது. பந்தியில் எல்லோருக்கும் இடம் உண்டு: பார்ப்பனப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய், விருந்தாக வந்த வெளியூர்ப் பேய். சமணப் பேய் ஒருபொழுதுதான் உண்ணும், மயிர் கிடந்தால் தொடாது என்று, அதற்கு நிணத்தையே துணியாக்கிக் கூழை வடிகட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்தால் தாம்பூலம்: குதிரைக் காது வெற்றிலை, குளம்புப் பிளவு பாக்கு, கண்ணின் வெள்ளை சுண்ணாம்பு. வயிறு நிறைந்த பேய்கள் கடைசியில் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன.

இந்த வாழ்த்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். புலவர் அதை ராஜாவுக்குப் பெருமையாகத்தான் பாடினார், சந்தேகமில்லை. ஆயினும் கதையின் கணக்கைப் போட்டுப் பார். பேய்கள் தாமாக ஒருவரையும் கடிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து தூங்குகிறவர் கழுத்தில் பல் வைக்கவில்லை. காத்திருக்கின்றன. அவற்றுக்குச் சோறு போடுகிறவன் ராஜா. சமாதானம் நீடித்தால் பேய்கள் மெலியும், போர் வந்தால் பேய்கள் கொழுக்கும். உன் நாவலில் ரத்தம் குடிப்பவர்கள் ஆள்கிறார்கள் என்று வைத்திருக்கிறாய். ஆள்கிறவர்கள் மனிதர்களாகவே இருந்து, அவர்கள் நடத்தும் போரின் மிச்சத்தில் ரத்தம் குடிப்பவர்கள் பிழைத்தால்? உன் பையனைக் காலில் விழுந்து வரவேற்ற அந்த நல்ல மனிதர்கள், வாளைக் கையில் திணித்த அந்தப் பெரியவர்கள், அவர்களே பந்தியின் சொந்தக்காரர்களாக இருந்தால்? யோசித்துப் பார். நான் வற்புறுத்தவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் போனால் விமானத்தின் வெளிச்சுவரில் ஆடும் சிவனைப் பார். காலடியில் வற்றிய முலையும் துருத்திய எலும்புமாய் உட்கார்ந்து தாளம் போடுகிறாள் ஒருத்தி. காரைக்கால் அம்மையார். அழகிய உடம்பு இனி வேண்டாம் என்று பேயுரு கேட்டு வாங்கியவள். பேயை அருவருப்போடு மட்டும் பார்க்காத ஒரு பார்வை இங்கே கல்லிலேயே இருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கம் வந்தால் சிறுவாச்சூர். நீ வாரம் தவறாமல் கடந்துபோகிற ஊர், கதை உனக்குப் பாதி தெரிந்திருக்கும். அங்கே முதலில் இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி அவளையே தன் மந்திரத்தால் கட்டிப்போட்டு ஊரை ஆட்டிப்படைத்தான். மதுரையை எரித்துவிட்டு வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்கிறாள். செல்லியம்மன் தன் நிலையைச் சொல்லி அழுகிறாள். வழிப்போக்கியாக வந்தவள் மந்திரவாதியை வதைக்கிறாள். செல்லியம்மன் கோயிலை அவளுக்கே விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள். மதுரகாளியம்மன் கோயில் இன்றும் பெரும்பாலும் திங்களும் வெள்ளியும்தான் திறக்கிறது. மற்ற நாட்களில் அவள் தோழியோடு மலையில் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. ஊரை ஆள வந்தவள் இல்லை அவள், படுக்க இடம் கேட்டு வந்தவள். தயங்கும் வீரனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? 2021-இல் அந்த மலையில் சாமி சிலைகளை யாரோ உடைத்துப் போட்டபோது இந்தப் பக்கத்து ஜனங்கள் பட்ட வேதனையை நீயும் பார்த்திருப்பாய்.

ரத்தக்காட்டேரி என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தக் காட்டேரியும் பயமுறுத்த மட்டும் இருப்பவள் அல்ல. கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் தீங்கு வராதிருக்க அவளுக்குப் படையல் போடும் குடும்பங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கயானாவுக்குப் போன தமிழர்கள் மாரியம்மனோடு காட்டேரியையும் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் அவளுக்குப் பூசை நடக்கிறது. டிராகுலாவுக்குச் சிலுவையும் மார்பில் அடிக்கும் கட்டையும். காட்டேரிக்குச் சோறு. நீலகேசி என்ற சமணக் காவியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காளி கோயிலுக்குப் பலியிட விலங்கு கொண்டுவந்தவர்களிடம், மண்ணில் செய்த உருவத்தை வைத்தால் போதும் என்கிறார் முனிச்சந்திரர் என்ற முனிவர். அவரைத் துரத்தப் பழையனூர் நீலி என்ற பேய் வருகிறது. பயங்காட்டிப் பார்க்கிறது, அழகியாக உருமாறிப் பார்க்கிறது, முடியவில்லை. கடைசியில் அவரிடமே பாடம் கேட்டு, ஊர் ஊராகப் போய் வாதம் செய்யும் அறிஞியாகிறது. ரத்தம் கேட்டு வந்த பேயைத் தத்துவ நூலின் கதாநாயகி ஆக்கிய துணிச்சல் அது.

பனிக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறு உலகத்துக்கு நீ இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. காரை, கொளக்காநத்தம் பக்கம் உள்ள களிமண் ஓடைக்காட்டில் வெயில் சாயும் நேரத்தில் நின்றிருக்கிறாயா? மழை அரித்து அரித்து வெடித்த மேடுகள், வழியெல்லாம் மினுக்கும் ஜிப்சம், குனிந்து தேடினால் பெலெம்னைட் துண்டு, அதிர்ஷ்டமிருந்தால் சுறாப்பல். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. கல்லமேட்டுப் பக்கம் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உன் பையன் கண் விழிக்கும் இடத்தில் இந்தக் கடல் இன்னும் வற்றாமல் இருக்கட்டும். தனக்குத் தெரிந்த ஓடைக்காட்டின் மேட்டை அவன் தண்ணீருக்கு அடியில் பார்த்து அடையாளம் கண்டால், தான் எங்கே வந்திருக்கிறோம் என்று அவனுக்கும் வாசகனுக்கும் ஒரே நொடியில் புரிந்துவிடும். ஒரு பக்க வர்ணனை மிச்சம்.

சக்திகள் கொடுப்பது பற்றிக் கேட்டாய். ஒன்று போதும் என்பேன்: அந்த ரத்தம் குடிப்பவர்களின் பாஷை இவனுக்குப் புரியட்டும். மந்திரத்தால் புரியவேண்டாம், காரணத்தோடு புரியட்டும். அவன் ஆத்தா சொன்ன கதைகளில் வந்த பழைய பேச்சாக அது இருக்கலாம். சாதுவனுக்கு நாகர் பாஷை எப்படித் தெரிந்தது என்று சாத்தனார் சொல்லாமல் விட்டார். அந்த இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது.

இனி உன் கதையில் எனக்குத் தீராத சிக்கல் ஒன்றுதான். மனித ரத்தம் இல்லாவிட்டால் அவர்கள் செத்துப்போவார்கள் என்று நீயே விதி வைத்துவிட்டாய். வைத்தது நல்லதுதான், தளர்த்திவிடாதே. அப்படியானால் அவர்களின் தலைவி உன் பையனிடம் வந்து, ரத்தத்தை விட்டால் நாங்கள் உயிர் தரிக்க முடியாது, எங்களுக்கு ஏற்றது எதுவோ அதைச் சொல் என்று கேட்கும் அத்தியாயம் ஒன்று வந்தே தீரும். சாதுவனால் மூத்துச் சாகும் விலங்கை ஒதுக்கிக் கொடுக்க முடிந்தது. உன் ஆள் எதை ஒதுக்கிக் கொடுப்பான்?